ஆயுத பூசை அன்று அணைந்திருந்த மிஷின்

பிரபாவதி என் தம்பி மகள். தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. என் சித்தப்பா சவுரிராயனின் மகன் தேவசகாயம். அவன் பெண்சாதி சவுரியம்மாளின் அம்மாவும் என் பெண்சாதியின் அம்மாவும் அக்கா தங்கச்சி. ஆக, எந்த வழியில் எண்ணினாலும் பிரபாவதி எனக்கு மகள்தான். ஒலக்கூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று வீடுகள்.

சின்ன வயதில் கல்யாண வீடுகளில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். "பெரிப்பா, அந்த மீசைக்காரரு நமக்கு இன்னா வேணும்?" என்று கேட்பாள். நான் சொல்லிக்கொண்டே போவேன். வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் அடுப்புக்கரியால் சுவரில் வட்டம் போட்டு, கோடு இழுத்து வைப்பாள். சவுரியம்மாள் சாணிக்கையோடு வந்து என்னைத்தான் திட்டுவாள்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்தாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை தென்னரசு நல்ல உயரம், நல்ல பேச்சு. எட்டே மாதத்தில் ஒரு பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமே திண்டிவனத்தில் சுப்பராயலுவின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அரிசி மில்லுக்கும் கடைகளுக்கும் பில் போடுகிற புரோகிராம் செய்து கொடுக்கிற ஆபீஸ். ஆறு மிஷின், ஐந்து பேர்.

மிஷினில் சரக்குப் பேர் அடித்துக் கொடுக்கத்தான் சேர்த்தார்கள். அங்கே வல்லரசு என்று ஒரு பையன் இருந்தான், அவளைவிட ஐந்து வயது சின்னவன். அவன் எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து இவளும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். இரண்டு வருடம் முன்னால் வல்லரசு சுப்பராயலுவோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் போய்விட்டான். அவன் செய்த வேலை முழுவதும் இவள் தலையில் விழுந்தது. வேலை விழுந்ததே தவிர, அவனுக்குத் தெரிந்தது எல்லாம் இவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவள் எனக்கு எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்கிறேன்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. யாரோ எங்கேயோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்ட துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதற்கு லைப்ரரி என்று பேர். நமக்கு வேண்டியதன் பேரைச் சொன்னால் போய் எடுத்துவந்து நம் மிஷினில் வைப்பது பேக்கேஜ் மேனேஜர். மேனேஜர் என்றால் ஆள் இல்லை, அதுவும் ஒரு புரோகிராம்தான். ஒரு லைப்ரரியைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. கல்யாணத்துக்கு அண்ணனை அழைத்தால் தம்பிக்கும் வைக்க வேண்டும், தம்பிக்கு வைத்தால் அவன் மாமனார் வீட்டுக்கும் வைக்க வேண்டும் என்கிற மாதிரி, அதைச் சேர்ந்தவை எல்லாம் கூட வரும். யார் யாருக்கு யார் வேண்டும் என்று பார்த்து அழைத்துவருவதும் அந்த மேனேஜர் பொறுப்பு.

சுப்பராயலுவின் ஆபீஸில் நெட் ஒரே ஒரு லைன். ஆளாளுக்கு வெளியிலிருந்து இழுத்தால் அவர் கத்துவார். ஒரு தடவை யாரோ புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து போட, ஒரு அரிசி மில்லில் பில்லே வராமல் நின்றுபோய்ப் பெரிய பேஜாராகிவிட்டது. அதனால் வல்லரசு ஒரு வேலை செய்தான். நன்றாக ஓடுகிற லைப்ரரிகளை எல்லாம் மூலையில் இருந்த ஒரு மிஷினில் சேர்த்து வைத்தான். மற்ற எல்லா மிஷினுக்கும், எது வேண்டுமானாலும் இந்த மூலை மிஷினிடம் மட்டும் கேள், வெளியே போகாதே என்று சொல்லிவைத்தான். பிரபாவதியின் கையில் இருந்த ஆபீஸ் லேப்டாப்புக்கும் அதே உத்தரவு; வீட்டிலிருந்து கேட்டாலும் நெட் வழியாக அந்த மூலை மிஷினுக்குத்தான் போகும். எங்கே, எப்படி எழுதி வைத்தான் என்று அவன் யாருக்கும் சொல்லவில்லை. மூலை மிஷின் கொடுக்கும், நாம் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் பிரபாவதிக்குத் தெரியும்.

இனி வீட்டு நிலைமை. சவுரியம்மாள் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் போன மறு வருடம் தேவசகாயத்துக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. பிரபாவதி காலையில் அவனைத் துடைத்து, கேப்பைக் கஞ்சி ஊட்டி, கட்டிலில் கிடத்திவிட்டு எட்டரை பஸ்ஸுக்குப் போவாள். சாயங்காலம் ஆறரைக்கு வருவாள். நடுவில் நான் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் செஞ்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். போனது தப்பில்லை, போகிறேன் என்று அவளிடம் சொல்லாமல் போனது தப்பு. தேவசகாயம் தண்ணீருக்காக எட்டினானோ என்னவோ, கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறான். அவள் வந்து கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தான். காலெல்லாம் எறும்பு. கண் மட்டும் திறந்திருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் அண்ணன் பிரான்சிஸ் மெட்ராஸிலிருந்து வந்து உட்கார்ந்தான். விழுப்புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைத்துவிட்டேன் என்றான். பிரபாவதி அழவில்லை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று வாங்கிவிட்டால் அப்பாவை நானே பார்த்துக்கொள்வேன், அதுவரைக்கும் பொறு என்று கேட்டாள். பிரான்சிஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். கடைசியாக, ஆயுத பூசை முடிந்து வருகிற திங்கட்கிழமை கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். இல்லத்தில் அதற்குமேல் கட்டிலைக் காலியாக வைத்திருக்க மாட்டார்களாம்.

அவள் எழுதிப் போட்ட இருபது முப்பது இடங்களில் ஒரே ஒரு கம்பெனி பதில் போட்டது. வீட்டிலிருந்தே வேலை. ஆயுத பூசை அன்று, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு மூன்று கேள்விகள் வரும். சாயங்காலம் நாலு மணிக்குள் செய்து அனுப்ப வேண்டும். நாலுக்குமேல் வாசல் மூடிக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஆபீஸில் பூசை. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் வருடா வருடம் மிஷின்களைத் துடைத்து வைப்பது பிரபாவதிதான். துடைத்து, ஒவ்வொன்றாக அணைத்து, ஐயர் சந்தனம் குங்குமம் வைக்க வசதியாகத் தள்ளி வைத்தாள். அந்த மூலை மிஷின் வருடம் பூராவும் ஓடுவது. இந்த ஒரு நாள்தான் அணையும். விஜயதசமி காலையில் மறுபூசை போட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும். அதன் பொத்தானை அழுத்தி அணைத்ததும் பிரபாவதியின் விரல்தான். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் பரீட்சையை நினைத்தபடி பஸ் ஏறிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் அவள் வீட்டில் தேவசகாயத்துக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குக் கேள்வி வந்தது. படித்துவிட்டு முகம் தெளிந்தது.

"பெரிப்பா, தெரிஞ்சதுதான் வந்துக்கீது. மழைக் கணக்கு குடுத்துக்கீறாங்க. அத பிரிச்சி, படம் போட்டுக் காட்டணும். ஒரே ஒரு லைப்ரரி மட்டும் ஏங்கிட்ட இல்ல. அத போட்டுக்கினா ரெண்டு மணிக்கெல்லாம் முடிச்சிடுவேன்."

"போட்டுக்கோ."

அவள் பேரை அடித்தாள். ஒரு வரி வந்தது. நின்றது. இன்னொரு வரி வந்தது. ஐந்து தடவை அப்படி வந்துவிட்டுச் சிவப்பாக ஏதோ எழுதிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி ஐந்து தடவை, மறுபடி சிவப்பு.

"இன்னாவாம்?"

"கனெக்சன் கெடைக்கலன்றான். நம்ம ஊரு டவர் லட்சணந்தான்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கேயும் சிவப்பு. தண்ணீர் டேங்க் மேட்டுக்குப் போனாள். திரும்பி வந்து என் போனைக் கேட்டாள், அதில் வேறு சிம் இருக்கிறதென்று. அதிலும் சிவப்பு. போனில் தேடிப் பார்த்தாள். உலகத்தில் இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்; ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். மிஷினுக்குள் இருக்கிற வைரஸ் காவலை எடு என்று ஒருவன். எடுத்தாள். புரோகிராம் எழுதுகிற சாமான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடு என்று இன்னொருவன். அதையும் செய்தாள். புதிதாகப் போட்டதும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஏற்கெனவே அவளிடம் இருந்த லைப்ரரிகளும் அதோடு போய்விட்டன. புதியதும் வரவில்லை, பழையதும் இல்லை.

அப்போது மணி பதினொன்றே முக்கால்.

"பெரிப்பா, நான் டிண்டிவனம் போறேன். அங்க சிக்னலு நல்லா இருக்கும். அப்பாவுக்கு ஒரு மணிக்கு…"

"நான் பாத்துக்கறேன், நீ போ. செஞ்சிக்கெல்லாம் போவ மாட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. தேவசகாயம் இடது கையை லேசாகத் தூக்கினான். அவள் அதைப் பார்க்காமலே ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அவள் பின்னால் சொன்னது.

பஸ்ஸில் வல்லரசுக்குப் போன் போட்டிருக்கிறாள். மணி அடித்து அடித்து நின்றது. திண்டிவனத்தில் பண்டிகைக்கு எல்லாக் கடையும் அடைப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு செல்போன் கடைக்காரர் பூசை முடித்துச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கெஞ்சிக் கடை நெட்டை வாங்கினாள்.

"வீடியோ எல்லாம் ஓடுதா பாரும்மா," என்றார் அவர்.

ஓடியது. நிற்காமல் ஓடியது. ஆனால் இவள் லைப்ரரி பேரை அடித்ததும் அதே ஐந்து வரி, அதே சிவப்பு.

"எங்க நெட்டுல கொறையே இல்லம்மா. ஒம் பொட்டிதான் எங்கயோ போயி முட்டிக்கினு கீது."

அவர் சும்மா சொன்னார். ஆனால் அப்போதுதான் பிரபாவதி அந்தச் சிவப்பு எழுத்தை முதல் தடவையாக நிறுத்திப் படித்தாள். காலையிலிருந்து அதன் கடைசி வரியை மட்டுமே படித்துக்கொண்டிருந்தாள். நடுவில், எந்த விலாசத்தைக் கூப்பிட்டேன், எது பேசவில்லை என்று நம்பராகவே இருந்தது. அந்த நம்பரைத் தன் கையாலேயே சீட்டில் எழுதி மூலை மிஷின் நெற்றியில் ஒட்டியவள் அவள். நேற்று அந்தச் சீட்டுக்குமேல்தான் ஐயர் சந்தனம் வைத்தார்.

லைப்ரரி வெளியில் இருக்கிறது, மூலை மிஷின் வெறும் வழி என்று அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடமாக அதுதான் கொடுத்தது. இப்போது அது எழுந்தால்தான் வேலை நடக்கும் என்றுதான் நினைத்தாள். ஆபீஸுக்கு ஓடினாள். ஷட்டரில் வாழைக்கன்று கட்டியிருந்தது. வாசலில் உடைத்த பூசணிக்காயை மாடு ஒன்று தின்றுகொண்டிருந்தது. பூட்டு. சாவி சுப்பராயலுவிடம். சுப்பராயலு வீடு விழுப்புரத்தில்.

போன் போட்டாள். அவர் எடுத்தார். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"சார், ஆபீஸ் சாவி வேணும் சார். அவசரம்."

"சாவியா? இன்னிக்கா? ஒண்ணும் கேக்கலம்மா. ஊட்டுக்கு வா, சாப்ட்டுட்டுப் பேசலாம்," என்று வைத்துவிட்டார்.

மணி ஒன்று இருபது. வல்லரசுக்கு மறுபடி மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். ஒரு மணி நேரம். மடியில் லேப்டாப்பை வைத்து, ஓட்டிப் பார்க்க முடியாத புரோகிராமைக் குருட்டுத்தனமாக எழுதிக்கொண்டே போனாள். சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை. எழுதாமல் சும்மா உட்கார்ந்தால் பஸ்ஸிலேயே கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்ததாம்.

சுப்பராயலு கெட்டவர் இல்லை. புருசன் வீட்டை விட்டு வந்து நின்றவளைச் சேர்த்துக்கொண்டவர். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிக்கொள் என்று கொடுத்தவர். வேட்டியும் குங்குமப் பொட்டுமாக வாசலுக்கு வந்தார்.

"வாம்மா பிரபா. சுண்டல் சாப்டு."

"வேணாம் சார். சாவி மட்டும் குடுங்க. மூலை மிஷின ஒரு அரை அவர் போடணும்."

"அதுக்கு இன்னிக்கு லீவும்மா," என்று சிரித்தார். "நாம லீவு எடுத்தாலும் எடுக்காட்டியும் வருசத்துக்கு ஒரு நா அதுக்குக் குடுத்துதான் ஆவணும். நாளைக்கு மறுபூசை போட்டுட்டு நீயே போடு."

"அவசரம் சார்."

"எந்த மில்லு? சொல்லு, நான் போன் போட்டு ஒரு நா தாங்கச் சொல்றேன்."

அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். ஏதாவது ஒரு மில் பேரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிடமே பொய் வெளுத்துவிடும். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து.

"மில்லு இல்ல சார். எனக்குத்தான்."

"ஒனக்கா?"

"வேற கம்பெனிக்கு டெஸ்ட் எழுதறேன் சார். வீட்லர்ந்து பாக்கற வேல. நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாகக் கழன்றது.

"என் லேப்டாப்புல."

"ஆமா சார்."

"என் மிஷின நான் எழுப்பிக் குடுத்து, அதுல நீ எடுத்துக்கினு, இன்னொருத்தனுக்கு வேலைக்குப் போவ. அதுக்கு நான் சூடம் ஏத்தி வெச்சத கலைக்கணும். அப்படித்தான?"

"அப்பாவ ஹோம்ல போடப் போறாங்க சார். திங்கக்கெழம."

"அத எங்கிட்ட சொன்னியா நீ? அப்பாவுக்கு இப்படின்னு ஒரு நா சொன்னியா? வல்லரசும் இப்படித்தான். ஒரு நா வந்து நின்னான், போறேன்னான். நான் இன்னா கத்துக் குடுக்க காலேஜா நடத்திக்கினு கீறேன்?"

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க சத்தம்?" என்றாள்.

"சத்தம் இல்ல. கணக்கு முடிக்கறேன்," என்றார் அவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "சாவி இல்லம்மா. மிஷின இன்னிக்குத் தொட முடியாது. நாளைலர்ந்து நீ வர வேணாம். லேப்டாப்ப மட்டும் வெள்ளிக்கெழமக்குள்ள கொண்டாந்து குடுத்துடு."

இருந்த வேலையும் போயிற்று. வருகிற வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் பாக்கி. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கார்கள் வரிசைகட்டி நின்றன. பஸ் ஊர்ந்தது. அங்கேதான் வல்லரசு கூப்பிட்டான். மணி மூன்று எட்டு.

"அக்கா, இன்னாக்கா இருவது கால் கீது? வண்டிக்குப் பூச போட்டுக்கினு இருந்தேன். போன் உள்ள கெடந்துச்சி."

"வல்லரசு, மூலை மிஷின் ஆஃப்ல கீதுடா. லைப்ரரி வரமாட்டுது. சாவி தர மாட்டேன்னுட்டாரு."

"மூலை மிஷின் எதுக்குக்கா?"

"அதுலதான எல்லாம் கீது?"



"ஐயோ அக்கா. அது நான் போட்ட ரெண்டே ரெண்டு வரிக்கா. உன் லேப்டாப்புலயே கீது. எல்லாமே வெளிய கீது, ஊரு ஒலகத்துக்கே. அந்த ரெண்டு வரி மட்டும்தான் போவாத போவாதன்னு புடிச்சி வெச்சிக்கினு கீது. அத எடுத்துட்டா நேரா போயிடும்."

"நான் மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டனே!"

"மொத்தமா அழிச்சாலும் அந்த ஃபைல் அழியாதுக்கா. அது தனியா வேற எடத்துல கீது. நான் சொல்றத அப்படியே அடி, ஜல்தி."

அவன் ஒரு இடத்தின் பேரைச் சொன்னான். அடித்தாள். ஒரு சின்ன ஃபைல் திறந்தது. அதில் மொத்தமே மூன்று வரிகள். நடு வரியில் அந்த நம்பர்.

"கீழ ரெண்டையும் அழி. சேவ் பண்ணு. இப்ப கேளு."

அழித்தாள். போனிலிருந்து நெட் கொடுத்து, அந்த லைப்ரரி பேரையும் காலையில் அழிந்துபோனவற்றின் பேரையும் அடித்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் வரி வரியாக ஓடியது. அதைச் சேர்ந்தவை எல்லாம், பதினோரு உருப்படி, ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. பஸ் டோல்கேட்டைத் தாண்டும்போது எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்ட பிறகுதான் தான் அழுகிறோம் என்று பிரபாவதிக்குத் தெரிந்தது.

வல்லரசின் வண்டி பூசைக்குக் கொஞ்சம் முன்னால் போன் மணி அவன் காதில் விழுந்திருந்தால் போதும். அல்லது காலையிலேயே இவள் அந்தச் சிவப்பு எழுத்தை முழுதாகப் படித்திருந்தால் போதும். விழுப்புரம் போயிருக்க வேண்டியதில்லை. சுப்பராயலு வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. அவளே எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

பஸ் ஆட்டத்தில் எழுத முடியவில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கி, நிழற்குடையில் ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். மூன்று இருபத்தேழு. குருட்டுத்தனமாக எழுதியதை ஓட்டினாள். முதல் கேள்வி அப்படியே சரியாக வந்தது. இரண்டாவதில் இரண்டு தப்பு, திருத்தினாள். மூன்றாவதில் படம் வரவில்லை. மறுபடி சிவப்பு.

இந்தத் தடவை முழுதும் படித்தாள். மூலை மிஷினில் வல்லரசு சேர்த்து வைத்தவை எல்லாம் பழைய லைப்ரரிகள். இவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழைய முறை. வெளியிலிருந்து வந்ததோ புத்தம் புதியது. பழைய முறையில் கேட்டால் அது காது கொடுக்கவில்லை. புது முறை எது என்று தேடிப் பிடித்தாள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று இடித்தது. போனில் சார்ஜ் நாலு சதவீதம். மூன்று ஐம்பத்தாறுக்கு, மூன்றாவதை அரைகுறையாக விட்டு, முதல் இரண்டை மட்டும் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று வந்தது. போன் அணைந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. தேவசகாயத்துக்கு நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "அனுப்பிட்டேன் பெரிப்பா," என்றாள். ஒரு வாய் ஊட்டிவிட்டு, "வேல பூடுச்சி," என்றாள்.

வெள்ளிக்கிழமை லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் அழித்த வரிகளை மறுபடியும் எழுதி வைத்துவிட்டுத்தான் கொடுத்தாளாம். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர்கள் புதியதை இழுத்துப் போட்டு மில் பில் நின்றுபோகும் என்றாள். "ஃபைலு எங்க கீதுன்னும் ஒரு சீட்டுல எழுதி ஒட்டிட்டேன்."

"சுப்பராயலு ஒண்ணும் சொல்லலியா?"

"சீட்ட படிச்சாரு. அப்பா எப்டிக்கீறாருன்னாரு. இப்பவாவது கேட்டாரே."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது, என் போனில் அவள் மெயிலைத் திறந்து பார்த்தாள். நான்கே வரி. நீங்கள் கலந்துகொண்டதற்கு நன்றி; இந்த முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். நடந்துகொண்டே படித்தாள், நடந்துகொண்டே போனை என்னிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிரான்சிஸ் காரோடு வந்தான். பின் சீட்டில் தலையணையெல்லாம் போட்டுத் தயாராக வைத்திருந்தான். தேவசகாயம் அந்தத் தலையணையை வாசல் வழியாகப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"துணி எடுத்து வெச்சியா?" என்றான் பிரான்சிஸ்.

"வெக்கல."

"டெஸ்டு இன்னாச்சி?"

"வரல."

"அப்பறம் இன்னா பிரபா? பேசனது பேசனதுதான? மதர் பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லிக்கீறாங்க."

"எதுக்கு ஹோமுன்ன நீ? பகல்ல பாத்துக்க ஆளு இல்லன்னுதான?"

"ஆமா."

"இப்ப ஆளு கீது. எனக்கு வேல பூடுச்சி. நாந்தான் ஊட்லயே கீறேனே. இனிமே ஒரு எறும்பு ஏறாது."

பிரான்சிஸ் என்னைப் பார்த்தான். நான் தேவசகாயத்தின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"எத்தினி நாளைக்குடி? சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"கீழண்ட கொல்லையில மல்லாட்ட பிடுங்கறாங்க," என்றாள். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. "காலைல பெரிப்பா இங்க இருந்தா நான் போயிட்டு பதினொண்ணுக்கெல்லாம் வந்துடுவேன்."

"கம்ப்யூட்டர் படிச்சிட்டு மல்லாட்ட பிடுங்கப் போறியா?"

"படிக்கறதுக்கு முன்னயும் பிடுங்கனதுதான."

"அந்த பெட்டு போனா மறுபடி கெடைக்காது பிரபா. நான் சொல்லிட்டேன்."

"தெரியும்ணா."

அவன் காரில் போய் உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யாமல் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். அவனுக்கும் அப்பன்தானே. பிறகு இறங்கி வந்து, தலையணையை எடுத்து வந்து தேவசகாயத்தின் தலைக்கு வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. மல்லாட்டை வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் என்ன வேலை என்று இன்னும் தெரியாது. வல்லரசு ஒரு பழைய லேப்டாப் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான், இன்னும் வரவில்லை. நேற்று தேவசகாயத்தைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. போகாதே என்கிறானா, போய் வேலையைப் பார் என்கிறானா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளாமல், வேலைக்கு நேரமாகியும், கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.